ஆறடி மேசைக்கு எத்தனை அங்குல விளக்கு

சமையலறையைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டும் வேலை முடிந்த அன்று, வயர்மேன் அப்புசாமி புதுக் கூரையில் மூன்று இடங்களில் வயரை இறக்கி, நுனிகளில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

"கணேசு, வயர் விட்டாச்சு. ரெண்டு லைட்டு போடுறியா, மூணு போடுறியா, எவ்வளவு பெருசுன்னு பார்த்து வாங்கி வச்சிரு. சனிக்கிழமை வந்து மாட்டித் தர்றேன்."

கணேஸ்வரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மேசையை ஒரு சுற்று வந்தான். அவன் மனைவி மோகனாவும் அண்ணாந்துதான் பார்த்தாள். வயர் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அப்புசாமியின் குரல் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"நல்லாயிருக்குண்ணே," என்றாள்.

புக்கிட் பெருவாங்கில் அவர்களுடையது ஒருமாடி வரிசை வீடு. பழைய சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் குளிர்பெட்டியைத் திறக்க முடியாது. நடுவில் ஒரு மேசை, அதைச் சுற்றி நின்று காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசிக்கொண்டிருக்கலாம் என்று மோகனா இருபது வருடமாகச் சொல்லி வந்தாள். அப்படிப்பட்ட மேசைக்கு ஐலண்டு என்று பெயர் என்பது தெரியாத காலத்திலேயே அதைக் கேட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்து ஜொகூருக்கு அனுப்பிய பிறகு கணேஸ்வரன் ஒருநாள் அளவெடுக்கும் டேப்பை எடுத்து வந்து, "கட்டிருவோமா?" என்றான். அவன் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். அளக்காமல் எதையும் செய்ய மாட்டான். மேசை ஆறடி நீளம், மூன்றடி அகலம். சுற்றிலும் நடக்க மூன்றடி.

நான்கு மாதத்துக்கு முன் வேலை தொடங்கி, வீட்டு முன்னால் லோரி வந்து மணலை இறக்கிய அதே காலையில்தான் மோகனாவுக்கு மருத்துவமனையில் கண் பரிசோதனை இருந்தது. மாலையானால் கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லி அவளாகவே சீட்டு வாங்கியிருந்தாள். உள்ளே மருத்துவர் நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டு வருகிறது. பரம்பரையாக வருவது. மருந்தில்லை, அறுவையும் இல்லை. இன்னும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. மோகனா ஆச்சரியப்படவில்லை. ஜாசினில் இருக்கும் அவள் அண்ணன் தம்புசாமிக்கு வந்ததும் இதே நோய்தான். செம்பனைப் பழம் ஏற்றும் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மாலை நேராக இருந்த சாலையிலேயே கால்வாயில் இறக்கிவிட்டார். நாற்பதில் இருட்டில் தெரியாமல் போனது. ஐம்பத்துநான்கில் பகலும் போய்விட்டது. அவளுக்கு இப்போது ஐம்பது.

வெளியே வந்தபோது கணேஸ்வரன் காருக்குப் பக்கத்தில் நின்று, கைப்பேசியில் மேசைக்கல் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க பாரு, சாம்பல் நிறம், வெள்ளைக் கோடு ஓடுது. கறை தெரியாது," என்றான். பிறகுதான் நினைவு வந்தவனாக, "டாக்டர் என்னா சொன்னாரு?" என்று கேட்டான்.

"சொட்டு மருந்து விடணுமாம். வயசானா வர்றதுதானாம்."

அன்றைக்கே மருந்துக்கடையில் கண் காயாமலிருக்க விடும் சாதாரணச் சொட்டு மருந்து ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தினமும் அவன் பார்க்கும்படி விட்டுக்கொண்டாள்.

நான்கு மாதமாக வேலை நடந்தது. அவளுடைய உலகம் இப்போது சுருட்டிய காகிதத்தின் வழியாகப் பார்ப்பது போலத்தான். நேராகப் பார்த்தால் ஒரு தட்டளவு தெரியும். ஒரு செங்கல், ஒரு கைப்பிடி, ஒரு முகம். முகத்தைப் பார்த்தால் அந்த ஆள் கையில் வைத்திருப்பது தெரியாது. சேர்த்துப் பார்க்க முடியாத துண்டுகளை நினைவில் ஒட்டி ஒட்டி நடந்தாள். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் மின்னணுச் சில்லுகளை உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்துப் பழுதைப் பொறுக்கிய கண்கள் அவை. இரண்டு வருடத்துக்கு முன், தொடர்ந்து பழுதுச் சில்லுகள் அவள் மேசையைத் தாண்டிப் போனபோது, அசதியாக இருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டிருந்தாள்.

விளக்குக் கடைக்கு வியாழக்கிழமை மதியம் போனார்கள். கதவைத் திறந்ததும் மோகனா அப்படியே நின்றுவிட்டாள். கூரை முழுக்க நூற்றுக்கணக்கில் விளக்குகள், எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது ஒரே வெள்ளைப் புகை. புகைக்குள் கணேஸ்வரனின் சட்டை மட்டும் நீலமாக அசைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடையில் தாரணி என்று ஒரு பெண் வேலை செய்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். மேசையின் அளவைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினாள்.

"அங்கிள், மேசை அகலம் முப்பத்தாறு அங்குலம்தானே. ஒவ்வொரு லைட்டும் அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. பன்னெண்டு அங்குலம்னா ரெண்டு போதும். மூணு போடணும்னா எட்டு, பத்து. பெருசா போட்டா தலைக்கு மேல சட்டி தொங்குற மாதிரி இருக்கும் லா. சின்னதா போட்டா மேசைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி ஆயிரும்."

"எவ்வளவு உயரம் விடணும்?"

"மேசைக்கு மேல முப்பதுலருந்து முப்பத்தாறு அங்குலம். அங்கிட்டு நிக்கிறவங்க மூஞ்சிய மறைக்கக் கூடாது."

கணேஸ்வரன் எல்லாவற்றையும் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். "மோகனா, உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்றான். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தாழ்வாகத் தொங்கிய ஒரு கண்ணாடி விளக்கு அவள் நெற்றியில் இடித்து ஆடியது. தாரணி பாய்ந்து வந்து அதைப் பிடித்தாள்.

"பார்த்து வரக் கூடாதா," என்றான் கணேஸ்வரன்.

"மேல பார்த்துக்கிட்டே வந்துட்டேன்," என்று மோகனா சிரித்தாள். தாரணி சிரிக்கவில்லை. ஆடிய விளக்கை நிறுத்திவிட்டு, மோகனாவின் முழங்கையைத் தொட்டு, விளக்குகள் தொங்காத ஓரமாக அவளை நகர்த்தி நிறுத்தினாள். பிறகு கணேஸ்வரனிடம் வேறு எதையோ பேசத் தொடங்கினாள்.

அன்று எதையும் வாங்கவில்லை. வீட்டில் அளவு பார்த்துவிட்டு வருவதாகக் கணேஸ்வரன் சொன்னான்.

மறுநாள் அவனுக்கு விடுப்பு. காலையில் பசியாறி முடித்ததும் அலமாரியைத் திறந்து பாத்திரங்களை உருட்டினான். மோகனா கழுவுதொட்டியில் நின்றபடி சத்தத்தை வைத்தே கணக்கெடுத்துக்கொண்டாள். கனமாக மோதியது எட்டு அங்குல ரசச் சட்டி. தகரமாக ஒலித்தது கேக் தட்டு, பத்து. நீளமாக அதிர்ந்தது இட்லிப் பானை மூடி, அது பதினாறு. ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து அறுக்கும் ஓசையும் கேட்டது. ஏணி போட்டு, ஒவ்வொரு வயரிலும் ஒன்றாகத் தலைகீழாகக் கட்டினான். மனதுக்குள் ஏதோ பாட்டு ஓட, அது மூக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

"இங்க வா. வாசப்படியில நின்னு மொத்தமா பாரு. மூணும் மூணு அளவு. எது பொருத்தமா இருக்கு?"

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசற்படியில் நின்றாள். பின்பக்கச் சன்னலிலிருந்து வெயில் நேரே முகத்தில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கி, யோசிப்பவளைப் போலத் தலையைச் சாய்த்தாள். கடைப்பெண் சொன்ன கணக்கு நினைவிலிருந்தது. எட்டு, பத்து, பதினாறு. பத்துதான் சரியாக வரும். அவன் சிறியதிலிருந்து பெரியதாகத்தான் கட்டியிருப்பான்.

"நடுவுல உள்ளதுதாங்க. அளவா, அழகா இருக்கு."

பாட்டு நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். குளிர்பெட்டி உறுமியது. பின்சந்தில் யாரோ மோட்டோவை உதைத்துக் கிளப்பினார்கள்.

"நடுவுல ஒண்ணும் இல்ல மோகனா," என்றான் கணேஸ்வரன். "நீ வர்றதுக்குள்ள முடிச்சு அவுந்துருச்சு, கழட்டி கையில வச்சிருக்கேன்."

அவள் பேச்சை மாற்ற ஒரு வார்த்தை தேடினாள். வெயில் கூசுது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. அவன் ஏணியிலிருந்து இறங்கி எதிரே வந்து நின்றான். தட்டளவு வெளிச்சத்துக்குள் அவன் முகம் வந்தது. இப்படி ஒரு முகத்தை அவனிடம் அவள் பார்த்ததில்லை.

"மச்சான் மாதிரியா?" என்று கேட்டான்.

"ஆமா."

"எப்ப தெரியும்?"

"மணல் இறக்குன அன்னைக்கு. டாக்டர் சொன்னாரு. அதுக்கு முன்னயே எனக்குத் தெரியும்."

"அந்தச் சொட்டு மருந்து?"

"நானா வாங்கினது."

அவன் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேலைய நிறுத்தியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"யாருக்காக இதைக் கட்டினேன்? எனக்கா? எனக்கு ஒரு மூலையில அடுப்பு இருந்தா போதும்."

"பார்வை போறதுக்குள்ள ஒருதரம் முழுசா பார்த்துரலாம்னு நினைச்சேங்க. அவ்வளவுதான். நீங்களும் அவ்வளவு ஆசையா அளந்துக்கிட்டு இருந்தீங்க."

"பார்த்தியா?"

"துண்டு துண்டா பார்த்தேன். முழுசா இல்ல."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் எழுந்து போய், மீதி இரண்டு பாத்திரங்களையும் அவிழ்த்து, கழுவி, துடைத்து, அலமாரியில் அடுக்கினான்.

சனிக்கிழமை அப்புசாமி வந்தபோது இன்னும் விளக்கு வாங்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஒரு கண் நிபுணரிடம் அவளை அழைத்துப் போனான். பெரிய இடம், சில்லென்றிருந்தது. அதே சோதனைகள், அதே பதில். கணேஸ்வரன்தான் விடவில்லை. வெளிநாட்டில் ஏதாவது, மாத்திரை ஏதாவது, தன் கண்ணில் ஒன்றை எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டான். மருத்துவர் அப்படி ஒரு சிகிச்சை இல்லை என்றார். திரும்பும் வழியில் கார் சிரம்பான் ஊரைத் தாண்டியது.

"வெளிச்சம் கம்மியா இருந்தாத்தானே தெரியல," என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி. "வெளிச்சத்தைக் கூட்டிட்டா?"

அவள் கடைக்குள் நின்ற அந்த வெள்ளைப் புகையை நினைத்தாள். ஆனால் ஏழு மணி நேரத்தில் அவன் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் உயிர் இருந்தது.

மறுநாள் தனியாகப் போய் மூன்று விளக்குகள் வாங்கி வந்தான். பதினாறு அங்குலம், தெளிவான கண்ணாடி, உள்ளே கடையில் இருந்ததிலேயே அதிக வெளிச்சம் தரும் பல்புகள். தாரணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாளாம். அந்த மேசைக்கு அது தாங்காது, மூன்றும் ஒன்றையொன்று நெருக்கும் என்று காகிதத்தில் வரைந்துகூடக் காட்டினாளாம்.

அப்புசாமி மாட்டி முடித்து இறங்கி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். "கொஞ்சம் பெருசா போச்சு கணேசு. மேசையே தெரியல."

"பரவாயில்லண்ணே. சுவிட்ச போடுங்க."

சமையலறை மறைந்துபோனது. மேசை, கல், அடுப்பு, எதிரே நின்ற இரண்டு ஆட்கள், எல்லாம் அந்த வெள்ளையில் கரைந்துவிட்டன. மோகனாவின் கண்ணில் நீர் கொட்டியது. கையை நீட்டித் துழாவி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதா?" கணேஸ்வரன் பக்கத்தில் வந்தான். "பொய் சொல்லாத. எனக்காகச் சொல்லாத. தெரியுதா?"

தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் இன்று இரவு தூங்குவான். ஆனால் அவன் கேட்ட விதத்தில் அந்த வார்த்தை அவளுக்கு வரவில்லை.

"முன்ன விட கம்மியா தெரியுதுங்க."

அவன் சுவிட்சை அணைத்தான். அப்புசாமி கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். கணேஸ்வரன் வெளியே போய், காரைக் கிளப்பாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான். அரைமணி நேரம் கழித்து அவள் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"கடைக்குப் போவோம்," என்றாள். "நானும் வர்றேன். வெளிச்சம் பெருசா வேணாம். அளவு சரியா இருந்தா போதும்."

இரண்டு நாள் கழித்து, அப்புசாமி கழற்றிக் கொடுத்த விளக்குகளைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மாட்டிய விளக்கைக் கடையில் திரும்ப வாங்குவதில்லை. தாரணி உள்ளே போய் முதலாளியிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்து, மாற்றித் தருவதாகச் சொன்னாள். பிறகு கடையின் பின்பக்கத்தில் விளக்கு எரியாத ஒரு மேசைக்கு அவர்களை அழைத்துப் போனாள்.

"ஆன்ட்டிக்கு வெளிச்சம் கூசுதுல்ல. அன்னைக்கே நினைச்சேன். கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு விட்டுட்டேன்."

பால்நிறக் கண்ணாடி விளக்கு ஒன்றை எடுத்து மோகனாவின் கையில் கொடுத்தாள். பத்து அங்குலம். பல்பு வெளியே தெரியாது. மஞ்சள் வெளிச்சம் கீழே மட்டும் விழும். மேசையின் இரு நுனியிலும் ஒரு அடி விட்டு, இரண்டடிக்கு ஒன்றாக மூன்று, மேசைக்கு மேல் முப்பத்திரண்டு அங்குலத்தில். மோகனா விளக்கை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாள். வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. கடைக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒழுங்காகத் தெரிந்த முதல் விளக்கு அதுதான்.

"இது போதும்," என்றாள்.

அதை மாட்டிய பிறகு, சாயங்காலத்தில் மேசையின் மேல் மூன்று மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. வட்டத்துக்குள் வைத்த கத்தி தெரிந்தது, வெங்காயம் தெரிந்தது, தன் விரல்கள் தெரிந்தன. வட்டத்துக்கு வெளியே போனது போனதுதான். இன்னும் ஒரு வருடத்துக்கு இது உதவும் என்று அவள் கணக்குப் போட்டாள். ஒன்றரை வருடம் இருக்கலாம். கணேஸ்வரன் எதிரே உட்கார்ந்து அவள் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுச் சமையலறைக்குப் பால் காய்ச்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை அழைத்தார்கள். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். எல்லாரும் முதலில் விளக்கைத்தான் பார்த்தார்கள். அளவு எப்படி இவ்வளவு சரியாக அமைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கணேஸ்வரன் மேசை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்று விளக்கினான். கண்ணைப் பற்றி இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஜொகூரிலிருந்து வந்த மகளுக்கும்கூட. எல்லாரும் போன பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

தம்புசாமியை அவர் மனைவி பெரியநாயகி கைபிடித்துக் கூட்டி வந்து, மேசைக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களோடு கூடத்துக்குப் போனாள். மோகனா அண்ணனுக்குத் தட்டில் கேசரி வைத்து, அவர் கையைப் பிடித்துத் தட்டின்மேல் வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்குறது கேட்டேன்," என்றார் மெதுவாக. "காலைத் தூக்கி வைக்கல. இழுத்து இழுத்து நடக்குற. நானும் அப்பிடித்தான் நடந்தேன்."

யாராவது கேட்டுவிட்டார்களா என்று அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

தம்புசாமி இன்னொரு கையால் மேசைக்கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். மூலை வந்ததும் விரல் நின்றது. கட்டைவிரலால் அந்த முனையை அழுத்திப் பார்த்தார்.

"இதை ரவுண்டா வெட்டச் சொல்லியிருக்கலாமே."

"அப்ப தோணலண்ணே."

"இடுப்புல படும்."

"பட்டுக்கிட்டுதான் இருக்கு."

கூடத்தில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். கணேஸ்வரன் யாருக்கோ முப்பத்திரண்டு அங்குலம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மோகனா பக்கத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து அண்ணன் அருகில் உட்கார்ந்தாள்.

"பழகிரும்னு சொல்லுங்கண்ணே," என்றாள்.

தம்புசாமி அவள் மணிக்கட்டை விடவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லம்மா," என்றார். "பழகாது."